நாக்சோஸ் தீவில் எந்தக் கடற்கரைக்குப் போவது? காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள்

கிரேக்கத்தின் நாக்சோஸ் தீவில், மேற்குக் கரையோரமாக மிக்ரி விக்லா என்று ஒரு சின்னக் குன்று கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஜூலை மாதம் பிற்பகல் மூன்று மணிக்கு அதன் வடபக்கம் போனால் கைட் சர்ஃபிங் செய்கிறவர்களின் பட்டங்கள் வானம் முழுக்கப் பறக்கும். மணல் கெண்டைக்காலில் ஊசி ஊசியாகக் குத்தும். விரித்த துண்டின் நான்கு மூலையிலும் செருப்பை வைத்தாலும் அது தங்காது. அங்கிருந்து குன்றைச் சுற்றித் தென்பக்கம் வந்து, பாறையை ஒட்டிய மூலையில் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் வாளியும் கரண்டியுமாக விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரண்டுக்கும் இடையே கொஞ்ச தூர நடைதான்.

கிரேக்கத் தீவுகளுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் படத்தைப் பார்த்துத்தான் கடற்கரையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். படத்தில் நீல நிறம் தெரியும், காற்று தெரியாது. ஏஜியன் கடலில், அதுவும் நாக்சோஸ் இருக்கும் சைக்லடீஸ் தீவுக் கூட்டத்தில், அன்றைய பொழுது நன்றாகப் போகுமா பாழாகுமா என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கிறது. "இந்தத் தீவில் எது நல்ல பீச்?" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "இன்றைக்கு எது நல்ல பீச்?" என்று கேட்டால் பதில் உண்டு.

மெல்தெமி என்னும் கோடை வாடை

வடக்கேயிருந்து வரும் காற்றை நாம் வாடை என்கிறோம். நம் வாடை பனிக்காலத்துக் காற்று. ஏஜியன் கடலின் வாடை நடுக்கோடையில் வீசும். அதன் பெயர் மெல்தெமி. பழைய கிரேக்கர்கள் 'ஆண்டுதோறும் வருவது' என்ற பொருளில் எதேசியாய் என்றார்கள். பால்கன் நாடுகளின் மேல் உயர் அழுத்தமும் துருக்கியின் மேல் தாழ்வழுத்தமும் நிலைகொள்ளும்போது, இரண்டுக்கும் நடுவிலிருக்கும் ஏஜியன் கடல் காற்றோடும் சந்து போல ஆகிவிடுகிறது. துருக்கி மேல் இருக்கும் அந்தத் தாழ்வழுத்தம், தெற்காசியாவில் கோடையில் உருவாகும் பெருந்தாழ்வழுத்தத்தின் மேற்குக் கை. நமக்குத் தென்மேற்குப் பருவமழை பெய்கிற அதே மாதங்களில் அங்கே வாடை வீசுவதற்கு இந்தத் தொடர்பும் ஒரு காரணம்.

ஜூலையும் ஆகஸ்டும் இதன் உச்சக்கட்டம். ஒருமுறை தொடங்கினால் இரண்டு மூன்று நாள் வீசும்; சில சமயம் ஒரு வாரத்தையும் தாண்டும். வானத்தில் மேகம் இருக்காது, வெயில் பளீரென்று அடிக்கும். அதனால்தான் பலர் ஏமாறுகிறார்கள். கைபேசியில் வானிலையைத் திறந்தால் சூரியப் படமும் 28 டிகிரியும் காட்டும். அதை நம்பிக் கிளம்பி, கடற்கரைக்குப் போன பிறகுதான் குடை விரிக்க முடியாது என்று தெரிகிறது.

பார்க்க வேண்டியது காற்றின் வேகமும் திசையும். விண்டி, விண்ட்குரு போன்ற செயலிகளில் இரண்டும் மணிவாரியாகக் கிடைக்கும். கிரேக்கத்தில் எல்லோரும் காற்றின் வலிமையை எண்ணால் சொல்லும் பொஃபோர் அளவில்தான் பேசுவார்கள். தாவெர்னா என்னும் சிற்றுணவகத்தில் தட்டு வைக்கிறவர்கூட "நாளைக்கு ஆறு" என்றுதான் சொல்வார். மூன்று வரை எந்தக் கரைக்கும் போகலாம். நான்கு, அதாவது மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர், வந்தால் கடலில் வெள்ளை நுரை தெரியத் தொடங்கும், பெரியவர்களுக்குத் தொந்தரவில்லை. ஐந்தில், 29 முதல் 38 கிலோமீட்டரில், வடக்கு பார்த்த கரைகளை விட்டுவிடுங்கள், மென்மணல் பறக்கும். ஆறு என்றால் நல்ல மறைவுள்ள விரிகுடாக்கள் மட்டும். ஏழு என்றால், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல், கடற்கரையை மறந்துவிட்டு ஹால்கி, அபெய்ரந்தோஸ் போன்ற மலைக்கிராமங்களுக்குப் போய்வருவது நல்லது. எட்டு வந்தால் பயணிகள் கப்பல்களையே துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள்; அதிவேகப் படகுகள் அதற்கு முன்பே நின்றுவிடும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்சுக்குப் போய்ச் சேரும்படி திட்டமிடச் சொல்வது இதனால்தான்.

முன்னறிவிப்பில் காலை எட்டு மணி எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. மெல்தெமி பெரும்பாலும் முற்பகலில் எழுந்து பிற்பகலில் உச்சத்துக்குப் போகும்; இருட்டிய பிறகு பல நாட்களில் தணியும். பார்க்க வேண்டியது மதியம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள எண்கள், அதிலும் வீச்சு வேகம், அதாவது காற்று திடீரென்று எழும்பும்போது தொடும் வேகம். சராசரி நான்கு, வீச்சு ஆறு என்றிருந்தால் ஆறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதையே சாதகமாக்கிக்கொள்ளவும் முடியும். காற்றுள்ள நாளிலும் காலை எட்டு முதல் பத்தரை வரை திறந்த கரையில் நீந்திவிட்டு, மதியம் மறைவான இடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

வரைபடத்தில் கரையைப் படிப்பது

வரைபடத்தை வடக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். மணலில் நின்று கடலைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகம் வடக்கே, வடமேற்கே, வடகிழக்கே இருந்தால் மெல்தெமி நேரே முகத்தில் அறையும். முகம் தெற்கே இருந்தால் முதுகுக்குப் பின்னாலிருக்கும் நிலம் காற்றைத் தடுக்கும். மேற்கும் கிழக்கும் பார்த்த கரைகளில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கரையின் வடமுனையில் கடலுக்குள் நீளும் குன்றோ பாறையோ இருக்கிறதா? இருந்தால் அதை ஒட்டிய வடமூலை அமைதியாக இருக்கும். தெற்கே நடக்க நடக்கக் காற்று கூடும்.

நாக்சோசின் மேற்குக் கரையை இப்படிப் படித்துப் பார்க்கலாம். தலைநகர் ஹோராவை ஒட்டிய அயியோஸ் யோர்யோஸ் ஆழமில்லாத மணற்கரை. நடந்தே போகலாம் என்பதால் குடும்பங்கள் விரும்பும் இடம். ஆனால் காற்றுக்குத் திறந்திருக்கிறது. விண்ட்சர்ஃபிங் பள்ளிகள் அங்கே இருப்பதே அதற்குச் சாட்சி. அதற்குத் தெற்கே ஸ்டெலிதா குன்று. குன்றைத் தாண்டினால் அயியோஸ் புரோகோபியோஸ், குன்றின் மறைவில். அடுத்தது அயியா அன்னா, பிறகு சுமார் 4 கிலோமீட்டர் நீளும் பிளாகா. பிளாகாவின் வடமுனையில் தாவெர்னாக்களும் ஆட்களும் கூடுதல். தெற்கே போகப் போக ஆளும் குறையும், மறைவும் குறையும். தென்பகுதியில் ஆடையில்லாமல் குளிப்பவர்கள் இருப்பது அங்கே பழைய வழக்கம். குழந்தைகளோடும் வீட்டுப் பெரியவர்களோடும் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு இடம் பிடித்தால் யாருக்கும் சங்கடமில்லை. அதற்கும் தெற்கே மிக்ரி விக்லா, கஸ்த்ராகி, அலிகோ, பிர்காகி. அலிகோவில் ஜூனிபர் மரக்காடும் பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்னக் குடாக்களும் உண்டு. ஒன்றில் காற்று அடித்தால் பக்கத்துக் குடாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்பது அதன் பெரிய வசதி.

தெற்கு பார்த்த கரை என்றாலே பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. கரைக்குப் பின்னால் உயரமான மலை இருந்தால் வடக்குக் காற்று மலையேறி, மறுபக்கம் சரிந்து, குப்பென்று குப்பென்று விழும். கிரீட் தீவின் தென்கரையில் பிளாகியாஸ், கார்பதோஸ் தீவின் தென்பகுதி இரண்டும் இதற்குப் பேர்போனவை. இரண்டு நிமிடம் அமைதி, அடுத்த நொடி குடை ஆகாயத்தில். மலை சற்றுத் தள்ளியும், கரையை ஒட்டித் தாழ்ந்த குன்றும் இருக்கும் இடம்தான் நல்ல மறைவு.

மறைவான கரையில் ஒளிந்திருக்கும் ஆபத்து

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறைவான கரையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. கரையோரம் தண்ணீர் கண்ணாடி போல இருக்கும். அதைப் பார்த்துத்தான் குழந்தையைக் காற்று ஊதிய மெத்தையிலோ மிதவை வளையத்திலோ உட்காரவைக்கத் தோன்றும். கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளிப் போனால் குன்றின் மறைவு முடிந்துவிடும். அங்கே காற்று மெத்தையைப் பாய்மரம் போலத் தள்ளும். ஐந்து பொஃபோர் காற்றில் போகும் மெத்தையை நன்றாக நீந்துகிறவர்கூட எட்டிப் பிடிக்க முடியாது. காற்று கடலை நோக்கி வீசும் நாளில் ஊதும் பொருள் எதையும் தண்ணீரில் இறக்கக் கூடாது. இதில் விதிவிலக்கு வேண்டாம். வெறும் மெத்தை அடித்துப்போனால் போகட்டும், துரத்திப் போகாதீர்கள். ஆளோடு போய்விட்டால், மெத்தையில் இருப்பவர் அதை விட்டுவிட்டு நீந்தக் கூடாது; படுத்துப் பிடித்துக்கொண்டு கையசைக்க வேண்டும். கரையில் இருப்பவர் கடலோரக் காவலுக்கு 108, அல்லது பொது அவசர எண் 112 அழைக்க வேண்டும். நம் ஊரில் 108 ஆம்புலன்சு. கிரேக்கத்தில் அது கடலோரக் காவல், ஆம்புலன்சுக்கு 166.

காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. தண்ணீரில் இறங்குமுன் ஒரு பிடி உலர்மணலை இடுப்பளவு உயரத்திலிருந்து விடுங்கள். மணல் கடல் பக்கம் சாய்ந்து விழுந்தால் மேலே சொன்னதெல்லாம் அன்றைக்குப் பொருந்தும்.

மணல், ஆழம், காலடி

அதே பிடி மணல் இன்னொன்றும் சொல்லும். அயியோஸ் புரோகோபியோசின் மணலைக் கையில் எடுத்துப் பாருங்கள்: குருணை அரிசி போலத் தனித்தனியாக இருக்கும், ஈரக் கையைத் தட்டினால் உதிர்ந்துவிடும். இந்த மணல் காற்றில் அவ்வளவாகப் பறக்காது, சாப்பாட்டில் விழாது, தண்ணீரைக் கலக்காது. அதனால்தான் அங்கே தண்ணீர் அத்தனை தெளிவு. ஆனால் பருமணல் கரைகள் பொதுவாகச் செங்குத்தாக இறங்கும். சில அடி வைத்ததும் தண்ணீர் இடுப்புக்கு வந்துவிடும், நீச்சல் தெரியாதவர் தடுமாறுவார். மைதா போல ஒட்டும் மென்மணல் கரைகள் நேரெதிர். பல மீட்டர் தூரம் ஆழமே இருக்காது, தவழும் குழந்தைக்கும் ஏற்றது. காற்றடித்தால் கண்ணையும் காதையும் நிரப்பும். ஆகவே சின்னக் குழந்தை இருந்தால் அமைதியான நாளில் அயியோஸ் யோர்யோஸ், காற்றுள்ள நாளில் அயியா அன்னா பக்கத்து மறைவு. நீச்சலுக்காகவே வருகிறவருக்கு அயியோஸ் புரோகோபியோஸ்.

சந்தோரினியில் கதையே வேறு. பெரிசா, கமாரி இரண்டும் எரிமலைக் கருமணலும் கூழாங்கல்லும். ஜூலை மதியத்தில் அந்தக் கருமணல் அடுப்புச் சட்டி. தண்ணீர் விளிம்புவரை செருப்போடு போய், அங்கேயே கழற்றிவைக்க வேண்டும்.

கரையின் இரு முனைகளிலும் பாறை இருந்தால் கடல் முள்ளெலி, கிரேக்கர்கள் சொல்லும் அகினோஸ், இருக்க வாய்ப்பு அதிகம். கருநீலத்தில், எலுமிச்சை அளவில், முள்ளுருண்டையாகப் பாறை இடுக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். ரப்பர் அடித்தளம் உள்ள நீர்க்காலணி ஒரு சோடி வாங்கிக்கொண்டால் கவலையில்லை. குத்திவிட்டால் அந்த இடத்தை அழுத்தவோ நசுக்கவோ கூடாது. முள் எளிதில் நொறுங்கும்; உள்ளே ஒடிந்தால் எடுப்பது கடினம். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் காலை ஊறவைத்து, வெளியே நீட்டியிருப்பதை மட்டும் இடுக்கியால் குத்திய கோணத்திலேயே இழுங்கள். மூட்டுக்குப் பக்கத்தில் ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரிடம் போய்விடுவது நல்லது.

கரையில் பழுப்பு நாடாக்கள் போலக் குவிந்து கிடப்பதைப் பார்த்து அழுக்கு என்று சிலர் திரும்பிப்போகிறார்கள். அது பொசிடோனியா என்ற கடற்புல்லின் உதிர்ந்த இலை. நல்ல நீரில்தான் அந்தப் புல் வளரும், கரை மண்ணரிப்பையும் அந்தக் குவியல் தடுக்கிறது. கொஞ்சம் நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். பத்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

நிழல், நாற்காலி, வாடகை

சைக்லடீஸ் கரைகளில் இயற்கை நிழல் குறைவு. இருந்தால் பெரும்பாலும் அல்மிரிகி மரம்தான், ஆங்கிலப் பெயரில் டமரிஸ்க். உப்பைத் தாங்கி வளர்ந்து, இலை வழியாகவே உப்பை வெளியேற்றும் மரம். அடியில் விரித்த துணியில் பிசுபிசுப்பு ஒட்டும், பழையதாக ஒன்றை விரியுங்கள். மர நிழலுக்குப் பத்து மணிக்கு முன்பே போட்டி வந்துவிடும். சொந்தக் குடை கொண்டுபோனால் கம்பு முழங்கை ஆழத்துக்குக் குறையாமல் மண்ணில் இறங்க வேண்டும். குடையின் தலையைக் காற்று வரும் பக்கம் சாய்த்து, அடியில் ஈரமணலை மிதித்து இறுக்குங்கள். காற்று ஐந்து பொஃபோருக்கு மேல் போனால் அதையும் மடக்கிவிடுங்கள்; பறக்கும் குடைக்கம்பு அடுத்தவர் மேல் பாய்ந்தால் பெரிய காயமாகும்.

வாடகைச் சாய்வு நாற்காலிகளுக்கு உட்காருமுன் விலை கேளுங்கள். முதல் வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு வேறு விலை; சில இடங்களில் வாடகை வாங்காமல் இவ்வளவு யூரோவுக்குச் சாப்பிட வேண்டும் என்பார்கள். வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. 2023 கோடையில் நாக்சோசின் பக்கத்துத் தீவான பாரோசில் உள்ளூர் மக்கள் துண்டுகளோடு கடற்கரைக்கு வந்து, நாற்காலிகள் கரையை விழுங்குவதை எதிர்த்தார்கள். துண்டு இயக்கம் என்றே அதற்குப் பெயர் வந்தது. மறு ஆண்டு வந்த சட்டம் கரையில் பாதியாவது நாற்காலி இல்லாமல் இருக்க வேண்டும், பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளில் 70 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. நீர் விளிம்பை ஒட்டிய நான்கு மீட்டரில் நாற்காலி போடக் கூடாது. மீறினால் புகார் செய்ய மைகோஸ்ட் என்ற அரசுச் செயலி உண்டு. ஆகவே துண்டை விரித்துத் தயங்காமல் உட்காரலாம்.

போகும் வழி

ஹோரா துறைமுகத்திலிருந்து அயியோஸ் புரோகோபியோஸ், அயியா அன்னா, பிளாகா வரை கோடையில் அடிக்கடி பஸ் உண்டு. அதற்குத் தெற்கே எண்ணிக்கை குறையும். இறங்கியதும் நிறுத்தத்தில் ஒட்டியிருக்கும் நேர அட்டையைப் படம் எடுத்துவையுங்கள். வண்டி வாடகைக்கு எடுத்தால் மண்சாலையில் போனால் காப்பீடு செல்லுமா என்று ஒப்பந்தத்தைப் படியுங்கள், பெரும்பாலும் செல்லாது. கிரீட்டின் பாலோஸ் கடற்கரைக்குப் போகும் கரடுமுரடான மண்சாலையில் டயர் வெடித்தால் செலவு உங்கள் தலையில். அங்கே கிஸ்ஸாமோஸ் துறைமுகத்திலிருந்து படகில் போவதே மேல். இந்திய உரிமம் வைத்திருப்பவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் ஊரிலேயே வாங்கிக்கொள்ள வேண்டும்.

பேர்போன சில கரைகளைப் பற்றியும் சொல்லிவிடலாம். மீலோஸ் தீவின் சராகினிகோ வடக்கு பார்த்த வெண்பாறை. மெல்தெமி நாளில் அலை பாறைமேல் ஏறும், அன்றைக்கு அதே தீவின் தென்கரையில் ஃபிரிபிளாகாவுக்குப் போங்கள். பக்கத்திலிருக்கும் சிக்ராதோவுக்குக் கயிறும் ஏணியும் பிடித்துத்தான் இறங்க முடியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஆகாது. சாகிந்தோஸ் தீவின் நவாயோவில், துருப்பிடித்த கப்பல் கிடக்கும் அந்தக் கரையில், பாறை சரிவதால் இறங்கத் தடை இருக்கிறது. இன்னும் அதை நம்பி டிக்கெட் போடுகிறவர்கள் உண்டு. கிரீட்டின் எலஃபோனிசியில் இளஞ்சிவப்பு மணலைப் பாட்டிலில் அள்ளிவருவது குற்றம்.

கடல் நீரின் சூடு மே மாதத்தில் 19 டிகிரி அளவில்தான் இருக்கும். நம் உடம்புக்கு அது குளிர். ஜூனில் 22, ஆகஸ்டில் 25, செப்டம்பரில் 24 அளவில். காற்றும் கூட்டமும் தணிந்து, தண்ணீர் சூடாகவே இருக்கும் செப்டம்பர் நடுவைத்தான் நாங்கள் எல்லோருக்கும் சொல்கிறோம்.

ஆனால் செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும், அதேபோல வசந்தத்திலும், சில நாட்கள் தெற்கிலிருந்து நோதியாஸ் காற்று வரும். காற்று வெதுவெதுப்பாக, வானம் மங்கலாக, சில சமயம் ஆப்பிரிக்கத் தூசியோடு. அன்றைக்கு மேலே சொன்ன திசைக் கணக்கை அப்படியே தலைகீழாக்க வேண்டும்: மறைவாக இருந்த தென்கரைகளில் அலை புரளும், வடகரை குளம் போல் ஆகும். நாக்சோசின் வடமுனையில் அபொல்லோனாஸ் கிராமத்துக்குப் போக அதுதான் நாள். ஹோராவிலிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கரை சிறியது, கிராமத்துக்கு மேலே பழைய பளிங்குக் குவாரியில், செதுக்கி முடிக்காத 10 மீட்டருக்கும் நீளமான, கூரோஸ் என்னும் பழங்கிரேக்க ஆண் சிலை மல்லாந்து கிடக்கிறது. முதலில் நீந்திவிட்டு வெயில் தாழ்ந்ததும் சிலையைப் பாருங்கள். பாதை முழுக்க வளைவு என்பதால் இருட்டுமுன் கிளம்பிவிடுங்கள்.